பெட்டியில் டொக்கு, கையில் கேமரா

கன்டெய்னர் யார்டு கேட்டில் எங்கள் வேலையே அடுத்தவன் பெட்டியில் டொக்கு தேடுவதுதான்.

கேட்டில் நின்றே கால் வீங்கிய சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா? திருவொற்றியூர் யார்டில் இத்தனை வருஷம் டொக்கு விழுந்து நசுங்கிய இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டேன், வாயால் சொன்னேன், அதுவே போதுமாக இருந்தது. திடீரென்று சோப்பு டப்பா அளவில் ஒரு டிஜிட்டல் கேமராவைக் கொடுத்தார்கள். "மாசக் கடைசிக்குள்ள டொக்கு தெளிவா விழணும். இல்லேன்னா பின்பக்க வேலிக் காவலுக்குப் போயிடுங்க பெரியவரே" என்றான் சூப்பர்வைசர். அங்கே நிழலும் இல்லை, டீயும் வராது. என் மகன் வயசுப் பையன் சொன்ன அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை.

கண்ணில் ஒட்டிய திரை

கல்யாண வீட்டு போட்டோக்காரரைப் பார்த்த பழக்கத்தில் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணில் கேமராவை ஒட்டிக்கொண்டேன். பின்னால் இருந்த சின்னத் திரை இமையில் உரச, நீலமும் துரு நிறமும் கரைந்து ஓடின. கடலுக்குள் கண் திறந்த மாதிரி இருந்தது. அப்படியே நின்றுவிட்டேன். லாரிகள் ஹாரன் அடித்தது எங்கோ தூரத்தில் கேட்டது. கடைசியில் ஒரு டிரைவர் இறங்கி வந்தார்.

"இன்னா நைனா, கண்ணுக்கு மருந்து போட்டுக்கினு கீறியா? கைய நீட்டிப் புடி, டிவி மாதிரி தெரியும்."

பனியில் எடுத்தது

மார்கழிக் காலை. கடல் பக்கமிருந்து பனி நுழைந்து, அடுக்கி வைத்த பெட்டிகள் அடி தெரியாமல் மிதந்தன. டொக்கை எடுக்கப் போனவன் அந்த மிதப்பை எடுத்தேன். ஃபிலிம் தீருமே என்ற பயம் இல்லாததால் கை நிற்கவில்லை.

சூப்பர்வைசர் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தட்டினான். ஒரு பெட்டி, பிறகு அரைப் பெட்டி, பிறகு வெறும் வெள்ளை. எனக்கு அந்த வெள்ளைதான் பிடித்திருந்தது.

"கம்பெனி கேட்டது டொக்கு பெரியவரே. நீங்க சொர்க்கத்தை எடுத்துட்டு வந்திருக்கீங்க."

தேசிங்கின் கை

மாசக் கடைசி நாள். ஒரு சிவப்புப் பெட்டியின் விலாவில் நல்ல ஆழமான டொக்கு. எங்கிருந்து எடுத்தாலும் திரையில் சப்பையாகவே விழுந்தது. உள்ளே யாராவது கை வைத்தால்தான் ஆழம் தெரியும். பக்கத்தில் இருந்ததோ ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தேசிங்கு ஒருவன்தான். என் மகள் கல்யாணப் பிரியாணியில் கறியே இல்லை என்று யார்டு முழுக்கச் சொன்னவன். அன்றோடு பேச்சை நிறுத்தியவன் நான்.

பின்பக்க வேலியை நினைத்துக்கொண்டேன். அவனைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்துச் சொன்னேன்: "யாராச்சும் கைய வச்சா நல்லாருக்கும்."

இறங்கி வந்து கையை மணிக்கட்டு வரை உள்ளே வைத்தான். சாயங்கால வெயிலில், சின்னத் திரைக்குள், அந்தக் கை குகையில் தூங்கும் பூனை மாதிரி கிடந்தது. கொஞ்ச நேரம் அழுத்தாமலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கைய மட்டும் எட்துக்கோ மாமு. மூஞ்சி வோணும்னா பிரியாணில கறி போட்டிருக்கணும்."

படம் பாஸாகி கேட் எனக்கே தங்கியது, இப்போதெல்லாம் தினமும் அவன் கையைத்தான் படமெடுக்கிறேன், பேச்சு மட்டும் இன்னும் கிடையாது.