ஃபோர்மன் வீட்டுக்குள் போகாத நாவல்

தேவராஜ் மாஸ்டர் போய்விட்டார். ஹார்ட் அட்டாக்காம். காலையில் பசறை பஸ்ஸில் இருக்கும்போது மெசேஜ் வந்தது...

ஹாலிஎலயில் ஒரே ஸ்கூலில் பல வருஷம். அவர் மேத்ஸ், நான் இங்கிலீஷ். பதுளையில் மாதம் ஒருமுறை நாலைந்து பேர் கூடிப் புத்தகம் பேசுவோமே, அதற்கும் வருவார். பிளேன்டீக்காக வருவதாக அவரே சொல்லிக்கொள்வார்.

ஒரு மாதம் பழைய அமெரிக்க நாவல் ஒன்று. பிழைப்புத் தேடிப் போன குடும்பங்கள் யாரோ ஒருவனின் தோட்டத்தில் பழம் பறிக்கிற கதை. நமக்குச் சொல்லவா வேண்டும்!

யாழ்ப்பாணத்து டாக்டர், இது சிலுவை சுமக்கிற கதை என்றார். யூனியன்காரர், வர்க்கப் போராட்டம், வேறொன்றும் இல்லை என்றார். நான் என் பங்குக்கு, கதையைத் தாங்குவதே பெண்கள்தான் என்று நீளமாக ஒரு பேப்பர் வாசித்தேன்.

விடிவதற்கு முன்னால் ஆட்களை எழுப்பி விரட்டுகிற ஃபோர்மனை மட்டும் எல்லோரும் சேர்ந்து திட்டினோம். பேச்சுவாக்கில் நான் அவனைக் 'கங்காணி' என்றேன். மலையகத்தில் வேறு என்ன வாயில் வரும்?

"ஃபோர்மன்னே சொல்லுங்க டீச்சர்" என்றார் மாஸ்டர்.

யூனியன்காரர் விடவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

"எங்கப்பா கங்காணிங்க."

எல்லோரும் பிளேன்டீயைக் குடித்தோம்...

பிறகு அவரே பேசினார். "லயத்துல கூலியாளுங்க எல்லார் வீட்டுக்குள்ளயும் போறாரு இந்த எழுத்தாளர். தொரை பங்களாவுக்குள்ளயும் போறாரு. அந்த ஆளு வீட்டுக்குள்ள மட்டும் ஒரு பக்கம்கூட போகலையே... அவனுக்குப் பொண்டாட்டி புள்ள இல்லையா?"

"நாவல் எண்டால் எல்லாரையும் எழுத ஏலாதுதானே" என்றார் டாக்டர்.

"அதாங்க கேக்குறேன். யாரை விட்டுட்டாருன்னு."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் பேப்பரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷன்.

அதற்குப் பிறகு நான் ஸ்கூலுக்கு லேட்டாகப் போனால், "பெரட்டு முடிஞ்சிருச்சு டீச்சர், இன்னைக்கு அரை நாள் சம்பளந்தான்" என்பார். தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுக்கிற கங்காணி மாதிரியே நிற்பார், முகத்தில் சிரிப்பே இருக்காது. ஸ்டாஃப்ரூமே சிரிக்கும்.

இன்றைக்கு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். தோட்டத்துப் பாதையில் கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு அம்மாவிடம் வழி கேட்டேன்.

"தேவராஜ் மாஸ்டரா...? ஓ, கங்காணி மகனா! அந்தா, அந்தத் தகரக் கூரை வீடுங்க. பாவம், நல்ல மனுசன்."

முன்னறையில் அவர் அப்பாவின் படம். தலைப்பாகை, கோட்டு. அவர் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு பொடியன்... மாஸ்டரேதான். அப்போதும் சிரிப்பு இல்லை.

கஷ்டமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டுக்குள் நான் போனது இன்றைக்குத்தான்.

போயிட்டு வாங்க, மாஸ்டர்.