மழைக் கோப்பில் மிச்சமிருந்த வரிகள்

எண்பதுகளின் கடைசியில், கொடைக்கானலில் ஒரு சின்ன ஆராய்ச்சி நிலையத்தில் மழை அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் சோலி. புரோகிராமின் புது வெர்ஷன் வந்தது. பழைய அளவுகள் இருந்த பிளாப்பியைப் போட்டால் பத்து வரி படிக்கும், நின்றுவிடும். எரிச்சலோடு, அது நின்ற வரியைத் திறந்தேன். மழை அளவுக்குப் பின்னால், ஆங்கில எழுத்தில் தமிழ்: "இன்னைக்கும் ஒரே மூடுபனி."

அதை அடித்தவர் என்னோடு இதே வேலை பார்த்த பக்கத்து மேசைக்காரர். முந்தின வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். எண்களுக்குப் பின்னால் என்ன அடித்தாலும் பழைய வெர்ஷன் கண்டுகொள்ளாது. அது தெரிந்து, மனசில் பட்டதையெல்லாம் அங்கே எழுதி வைத்திருக்கிறார். புதுசுக்கோ எண் மட்டும்தான் வேண்டும்.

ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனேன். பண்ணைக்காடு பஸ் லேட்டு. ஹீட்டர் ரிப்பேர். பிறகு, "நெஞ்சு வலிக்குது." மறுநாளும் அதே. கடைசி வரியில், "பக்கத்து மேசைத் தம்பிகிட்ட நாளைக்குச் சொல்லணும்."

அதையும் அழித்தேன். புரோகிராம் நிற்காமல் ஓடியது.

அவர் கீபோர்டு தட்டும் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. "நாலு நம்பர் அடிக்க இவ்வளவு நேரமாண்ணே?" என்று தினமும் அவரிடம் சிடுசிடுத்தவன் நான்.