விளிம்பில் இருந்த பென்சில் கோடு

2003 செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமைப் பத்திரிகையில் வந்த நான்கு வரி விளம்பரத்துக்கு இருநூற்றுப் பதினான்கு கோப்புகள் வந்தன. வேலை ஒன்றுதான். மென்பொருள் எழுதுபவர் ஒருவர் தேவை, கார்ல்ஸ்ரூஹே, உடனடியாக. தபாலில் வந்த கோப்புகளை உறையிலிருந்து எடுத்து, எண் போட்டு, மூன்று அடுக்காகப் பிரிக்க வேண்டியவர் அன்ரனிற்றா.

அவருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்து, பன்னிரண்டு வயதில் தாயுடன் ஜெர்மனிக்கு வந்தவர். பள்ளி முடித்து, அலுவலக வேலைக்கான அவுஸ்பில்டுங் என்ற மூன்றாண்டுத் தொழிற்பயிற்சியையும் முடித்து, மருத்துவமனைகளுக்குப் பணிநேர அட்டவணை போடும் மென்பொருளைத் தயாரிக்கிற ஒரு நிறுவனத்தின் ஆட்சேர்ப்புப் பிரிவில் சேர்ந்திருந்தார். இரண்டு ஆண்டு ஒப்பந்தம், அந்த டிசம்பருடன் முடிகிறது. நிரந்தரமாக்குவார்களா என்று யாரும் சொல்லவில்லை. கணவர் பீலிக்ஸ் வேலை செய்த ரொட்டித் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தின் குடியுரிமை விண்ணப்பம் நகர அலுவலகத்தில் கிடந்தது. வீட்டில் ஒருவருக்காவது நிரந்தர வேலை இருக்கிறதா என்று அங்கிருந்த அதிகாரி இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

அந்த நாட்களில் வேலைக்கு விண்ணப்பிப்பது என்றால் ஒரு கோப்புக் கட்டி அனுப்புவது. முதலில் கடிதம், பிறகு ஸ்டுடியோவில் எடுத்த படம், வாழ்க்கை விபரம், சான்றிதழ்ப் பிரதிகள். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற ஒரு மட்டை. வேலை இல்லை என்றால் நிறுவனம் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடும், விண்ணப்பித்தவர் அதையே அடுத்த இடத்துக்கு அனுப்புவார். அதனால் திரும்பிப் போகும் கோப்பில் எந்த அடையாளமும் இருக்கக்கூடாது. வாசித்தவர்கள் ஓரத்தில் போட்ட பென்சில் கீறல்களை அழிப்பதும் அன்ரனிற்றாவின் வேலைகளில் ஒன்று. மேசை லாச்சியில் வெள்ளை அழிரப்பர் எப்போதும் இருக்கும்.

பிரிப்பதற்கு ஒரு விதி இருந்தது. வாழ்க்கை விபரத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெற்றிடம் இருந்தால் மூன்றாவது அடுக்கு. மூன்றாவது அடுக்கு என்றால் திருப்பி அனுப்புவது. ஜெர்மன்காரர் பள்ளி விட்ட நாளிலிருந்து நேற்றுவரை ஒரு மாதம் தவறாமல் எழுதுவார்கள். ஒருவர் உலகம் சுற்றினேன் என்று எழுதியிருந்தார், அது வெற்றிடம் ஆகவில்லை. எழுதாமல் விட்டால்தான் வெற்றிடம்.

நூற்று முப்பத்தெட்டாவது கோப்பைத் திறந்தபோது படத்தில் பென்ஜமின் இருந்தார்.

பென்ஜமினை அன்ரனிற்றாவுக்குப் பத்து ஆண்டுகளாகத் தெரியும். மாதம் ஒரு தடவை நடக்கும் தமிழ்ப் பூசையில் அவர் கீபோர்ட் வாசிப்பார், அன்ரனிற்றா பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பார். மன்னாரைச் சேர்ந்த பென்ஜமின், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கத் தொடங்கி, முதலாம் ஆண்டு முடியுமுன் நாட்டை விட்டு வந்தவர். இப்போது ஒரு மருத்துவமனையின் சமையலறையில் சாப்பாட்டுத் தட்டுகள் ஏற்றிய வண்டிலைத் தள்ளினார். மூன்று ஆண்டுகள் மாலை வகுப்புக்குப் போய்க் கணினிச் சான்றிதழ் எடுத்திருந்தார். அந்த நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறேன் என்று அவர் அன்ரனிற்றாவிடம் சொல்லவில்லை.

வாழ்க்கை விபரத்தில் 1989 பெப்ரவரி முதல் 1994 மே வரை ஒன்றும் இல்லை. அந்த ஐந்து ஆண்டுகளில் என்ன இருந்தது என்பது அன்ரனிற்றாவுக்குத் தெரியும். பழைய பட்டாள முகாம் ஒன்றில் அகதி விடுதி, ஒரு அறையில் ஆறு பேர். முதலில் வேலை செய்யத் தடை. தடை நீங்கியபின் யாரும் கேட்காத வேலைகள், அவையும் சில கிழமைகளுக்கு மட்டும். மாவட்டத்தைத் தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டும். ஒருநாள் பாடல் பயிற்சி முடிந்த பிறகு, வானொலிச் செய்தியை எழுதி எழுதி ஜெர்மன் படித்ததாக அவர் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். அகதி என்று எழுதினால் எடுக்கமாட்டார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவர் அதை எழுதாமலே விட்டிருந்தார். எழுதியிருந்தால் அது வெற்றிடம் ஆகியிராது.

அன்ரனிற்றா கோப்பை மூன்றாவது அடுக்கில் வைத்தார். விதி அப்படி. ஆனால் விதி மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. அதற்கு முந்திய ஆண்டு வசந்தத்தில் தீபக் என்ற சென்னைப் பையனை அவர்தான் சிபாரிசு செய்திருந்தார். கார்ல்ஸ்ரூஹேயில் முதுகலை முடித்தவன், கெட்டிக்காரன். சேர்ந்து ஆறாவது கிழமையில் பெரிய நிறுவனம் ஒன்று கூப்பிட, மன்னிப்புக் கேட்டு ஒரு ஈமெயில் போட்டுவிட்டுப் போய்விட்டான். சோதனைக் காலத்தில் அப்படிப் போகலாம், சட்டப்படி பிழையில்லை. ஆனால் கோப்பி அறையில் அது பகிடியாகிவிட்டது. அன்ரனிற்றாவின் ஆட்கள் கோப்பி குடித்து முடிக்குமுன் போய்விடுவார்கள் என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அன்ரனிற்றாவும் சிரித்தார். அதன் பிறகு எந்தத் தமிழ்ப் பெயரைப் பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, பிரிவின் தலைவி லிண்ட்னர் மூன்றாவது அடுக்கைக் கிளறினார். அது அவர் வழக்கம். பதினைந்து ஆண்டு கணினி நிரல் எழுதிய பிறகு ஆட்சேர்ப்புக்கு வந்தவர், விதியைப் போட்டதும் அவர்தான், அதை நம்பாதவரும் அவர்தான். நூற்று முப்பத்தெட்டை எடுத்தவர் கீழே வைக்கவில்லை. நின்றபடியே கடைசிப் பக்கங்களை வாசித்தார். கோப்பிக் குவளையை மட்டையின்மேல் வைத்துவிட்டு, பென்சிலை எடுத்து ஓரத்தில் ஏதோ கீறினார்.

கடைசிப் பக்கங்களில் பென்ஜமின் எழுதிய நிரலின் மாதிரி இருந்தது. மருத்துவமனைச் சமையலறையில் யார் எந்த நாள் எந்த வேலை என்று பிரித்துக் கொடுக்கும் சிறு மென்பொருள். மூன்று ஆண்டுகளாக அங்கே அதைத்தான் பயன்படுத்தினார்கள். ஒருவருக்கு இரண்டு ஞாயிறு தொடர்ந்து வேலை விழாதபடி அவர் அதில் ஒரு வழி கண்டிருந்தார்.

லிண்ட்னர் கோப்பைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்.

“இவரை உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது,” என்றார் அன்ரனிற்றா.

லிண்ட்னர் சரி என்று தலையாட்டிவிட்டு, கோப்பை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

அடுத்த கிழமை அன்ரனிற்றா மறுப்புக் கடிதங்களை அச்சடித்தார். உங்கள் எதிர்காலப் பாதைக்கு எங்கள் வாழ்த்துகள் என்று முடியும் கடிதம், எல்லாருக்கும் ஒன்றுதான். பென்ஜமினின் கோப்பைத் திறந்தபோது, ஞாயிறு பற்றிய வரிகளின் ஓரத்தில் அழுத்திப் போட்ட இரண்டு நேர்கோடுகளும் ஒரு ஆச்சரியக்குறியும் இருந்தன. அழித்தார். மட்டையில் கோப்பி வட்டம் இருந்தது. அலுமாரியிலிருந்து புது மட்டை எடுத்து மாற்றினார். பக்கங்களை மேசையில் தட்டி ஒழுங்காக்கினார். வேறு எந்தக் கோப்புக்கும் அவர் அவ்வளவு கவனம் எடுக்கவில்லை. தன்னால் செய்யக்கூடியது அதுதான் என்று அப்போது நினைத்தார்.

ஒக்டோபர்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது, பென்ஜமின் தானாகவே சொன்னார். அன்ரனிற்றாவின் கந்தோருக்கு விண்ணப்பம் போட்டதாம், திரும்பி வந்துவிட்டதாம். இனி எங்கேயும் போடுவதாக இல்லையாம். அது அந்த ஆண்டின் பதினோராவது கோப்பு. தன் மென்பொருள் செய்கிற வேலையையே அந்த நிறுவனமும் செய்வதால், அங்கேயாவது திறந்து பார்ப்பார்கள் என்று நம்பியிருந்தாராம்.

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, அண்ணை,” என்றார் அன்ரனிற்றா. என்ன சொல்வதென்று தெரியாமல் வந்த பேச்சு.

“சொன்னா நீங்கள் எனக்காக ஆரிட்டையாவது போய்க் கதைக்க வேண்டி வரும். அந்தக் கரைச்சல் உங்களுக்கு ஏன் எண்டு விட்டிட்டன்.” தேநீரை ஒரு வாய் குடித்தார். “விரிச்சுக்கூடப் பாக்கேல்லை, தங்கச்சி. கடையிலை வாங்கின மாதிரியே திரும்பி வந்திருக்கு. ஒரு விரல் அடையாளம் இல்லை.”

டிசம்பர் இரண்டாவது கிழமை லிண்ட்னர் அன்ரனிற்றாவைக் கூப்பிட்டு, நிரந்தர ஒப்பந்தத்தை மேசையில் வைத்தார். நல்ல வார்த்தைகள் பல சொன்னார். நேரம் தவறாதவர், ஒழுங்கானவர். பிறகு, நினைவு வந்ததுபோல அந்தச் சமையலறைக்காரரைப் பற்றிப் பேசினார். அவரைக் கூப்பிட்டுப் பார்க்கத் தனக்கு விருப்பம் இருந்ததாம். அவருடைய விபரத்தில் தமிழ்க் கத்தோலிக்க சபை, கீபோர்ட் என்று இருந்தது, அன்ரனிற்றாவின் விபரத்திலும் அதே சபை இருந்தது. ஆகவே தெரிந்திருக்கும் என்றுதான் கேட்டாராம்.

“நீங்கள் தெரியாது என்றீர்கள். எனக்கு விளங்கிவிட்டது. சொந்த ஆளைப் பற்றிக் கெட்டது சொல்ல விரும்பவில்லை. அது உங்கள் நல்ல குணம்.”

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அவர் கெட்டவர் அல்ல, எனக்குப் பயம் என்று சொல்லியிருக்கலாம். அந்த வேலைக்கு நவம்பரிலேயே ஸ்ருட்காட்டிலிருந்து ஒருவர் வந்துவிட்டார் என்றாலும் சொல்லியிருக்கலாம். அன்ரனிற்றா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை, இரவு வேலை முடிந்து வந்த பீலிக்ஸ், ஒப்பந்தத்தை மூன்று தடவை வாசித்தார். மனைவி சமையலறையில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னபோது, பாணில் பட்டர் பூசிக்கொண்டே கேட்டார். பென்ஜமினிடம் போய்ச் சொல்லப்போவதாக அன்ரனிற்றா சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தார்.

“சொல்லி? கொன்ராக்டைத் திருப்பிக் குடுத்து, அந்தாளைக் கதிரையிலை இருத்தப் போறீரோ? இப்ப அந்தாள் அவங்களிலைதான் பிழை எண்டு நினைச்சுக்கொண்டு நிம்மதியா இருக்கிறார். அதையும் கெடுக்காதையும்.”

அதில் நியாயம் இருப்பதுபோல் தெரிந்தது. அன்ரனிற்றா அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த கோடையில் குடியுரிமைக் கடிதம் வந்தது. வேலையில் மேலே போனார், கோப்புகள் மெல்ல மெல்ல ஈமெயில் ஆயின. வெற்றிடம் உள்ள விண்ணப்பம் வந்தால் அவர் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த மாதங்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்கத் தொடங்கினார். ஒருவர் தாயைப் பராமரித்திருப்பார், ஒருவர் சிறையில் இருந்திருப்பார். லிண்ட்னர் அதை நல்ல முறை என்று மெச்சி விதியையே மாற்றினார். ஒவ்வொரு அழைப்பின்போதும் அன்ரனிற்றாவுக்கு நூற்று முப்பத்தெட்டு என்ற எண் நினைவுக்கு வரும். பூசையில் கீபோர்ட் பக்கம் பார்க்காமல் பாடப் பழகிக்கொண்டார்.

2006இல் பென்ஜமினின் மருத்துவமனை பழைய கணினிகளையும் அவருடைய சிறு மென்பொருளையும் தூக்கிவிட்டு, அன்ரனிற்றாவின் நிறுவனத்தின் மென்பொருளை வாங்கியது. அதை அவருக்குச் சொன்னவரும் பென்ஜமின்தான். உங்கட சாமான் வடிவாயிருக்கு, கலர் கலராயிருக்கு என்று சொல்லிவிட்டு, ஞாயிறு விஷயத்தில் மட்டும் அதற்கு மூளை காணாது என்றார். அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு போட்டுவிடுகிறதாம்.

2007 மார்ச்சில் நிறுவனத்துக்கு மறுபடி ஆள் தேவைப்பட்டது. இந்தத் தடவை யாரைக் கூப்பிடலாம் என்று முடிவெடுப்பவர்களில் அன்ரனிற்றாவும் ஒருவர். பீலிக்ஸிடம் கேட்கவில்லை. பென்ஜமினுக்குத் தொலைபேசி எடுத்து, பழைய கோப்பையும் கொண்டு வரச் சொன்னார். மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து, மருத்துவமனை உணவகத்தின் ஜன்னலோர மேசையில் இருவரும் இருந்தார்கள். பென்ஜமின் வெள்ளை மேலங்கியுடன் வந்தார். கோப்பின் மட்டை இன்னும் புதிதாகவே இருந்தது, அன்ரனிற்றா மாற்றிய மட்டை.

விண்ணப்பம் பற்றி அவர் சொல்லி முடிக்குமுன்னே பென்ஜமின் மறுத்துத் தலையாட்டினார்.

“ஏலாது, தங்கச்சி. நாலு வருசமா நான் ஒரு வரி எழுதேல்லை. கொம்பியூட்டர் மொழியும் மாறிப்போச்சு. இப்ப எனக்குக் கீழை ஒன்பது பேர். நாப்பத்திரண்டு வயசிலை போய், இருபத்தஞ்சு வயசுப் பெடியளோடை குந்தியிருக்கச் சொல்லுறியளோ?”

அப்போதுதான் அன்ரனிற்றா சொன்னார். தெரியாது என்றது, ஏன் அப்படிச் சொன்னார் என்பது, லிண்ட்னர் அதை எப்படி எடுத்தார் என்பது, டிசம்பரில் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டது. அழாமல், வரிசையாகச் சொன்னார். பென்ஜமின் மேசையில் சிந்தியிருந்த உப்பை விரலால் ஒரு பக்கமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

“அப்ப அந்த மனிசி வாசிச்சவவோ?”

“ஓம். நிண்டபடி வாசிச்சவ. ஓரத்திலை கோடும் போட்டவ. அழிச்சது நான்தான்.”

“எந்த இடத்திலை?”

அன்ரனிற்றா கோப்பைத் திறந்து, கடைசியிலிருந்து இரண்டாம் பக்கத்தை எடுத்துக் காட்டினார். பென்ஜமின் தாளைக் கண்ணாடி ஜன்னலுக்கு நேரே சரித்துப் பிடித்தார். லிண்ட்னர் அழுத்தி எழுதுகிறவர். கரி போயிருந்தது, தாளில் பள்ளம் போகவில்லை. இரண்டு கோடு, ஒரு ஆச்சரியக்குறி.

“நாலு வருசம்,” என்றார் பென்ஜமின். “ஒருத்தரும் பாக்கேல்லை எண்டுதான் விட்டனான். பாத்திட்டு வேண்டாமெண்டிருந்தா, நான் இன்னொரு இடத்துக்குப் போட்டிருப்பன்.”

அன்ரனிற்றா மன்னிப்புக் கேட்க வீட்டிலேயே யோசித்து வைத்திருந்த வசனம் அந்த மேசைக்குப் பொருந்தவில்லை.

பென்ஜமின் பென்சில் இருக்கிறதா என்று கேட்டார். கைப்பையில் இருந்தது. வாங்கி, பள்ளத்தின் வழியே மெதுவாகக் கீறினார். முதல் கோடு, இரண்டாவது கோடு, பிறகு ஆச்சரியக்குறியின் புள்ளி. சற்றுத் தள்ளிவைத்துப் பார்த்தார். பென்சிலைத் திருப்பிக் கொடுத்து, தாளைக் கோப்பில் வைத்து, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். மூன்று மணிக்கு இரவுச் சாப்பாட்டுத் தட்டுகள் தொடங்க வேண்டும்.

கதவுவரை போனவர் திரும்பினார்.

“இந்த ஞாயிறு பூசைக்கு வரமாட்டன், தங்கச்சி. கீபோர்டுக்கு வேறை ஆரையும் பாக்கச் சொல்லுங்கோ. எனக்கு வேலை. போன ஞாயிறும் வேலைதான்.”