கம்ப்யூட்டரில் வந்த மார்கரெட்

பிள்ளைகளே, லண்டனில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, நம் வீட்டில் இன்று என்ன குழம்பு என்று தெரிந்து ஆகப்போவது என்ன?

போன மாதம் முழுக்க இந்தக் கேள்விதான் என்னைக் குடைந்தது.

என் மகள் மும்தாஜ் பிளஸ் டூ முடித்தவள். ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போகிறாள். அங்கே இன்டர்நெட் வழியாக இங்கிலீஷ் கற்றுத் தருகிறார்களாம். லண்டனில் இருக்கும் மார்கரெட்டுக்கு இவள் கடிதம் டைப் அடிக்க வேண்டும். பதில் வந்ததும் சென்டர் சார் பிரின்ட் எடுத்துக் கொடுப்பார்.

மும்தாஜுக்கு மார்கரெட் என்றால் உயிர். வீட்டில் சொல்லாததை எல்லாம் அவளிடம் சொன்னாள். கைக்குட்டையில் அவள் பெயரைப் பூத்தையல் போட்டு, பார்சல் அனுப்ப முகவரி கேட்டாள்.

பதில் வந்தது... முகவரி வரவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷ் தெரியாது; சந்தேகப்படத் தெரியும்.

"ஏட்டி, அந்தப் பிள்ள கடுதாசிய எப்படி ஆரம்பிக்குது? தமிழ்ல சொல்லு."

"சாப்பிட்டாச்சா, இன்னைக்கு என்ன கொழம்புன்னு கேப்பா அத்தா."

"பொறவு?"

"அங்க மழை உண்டா, வீட்டுல எல்லாரும் சொகமான்னு..."

"லண்டன்காரி கொழம்ப விசாரிக்காளா? இது நம்மூர் ஆளு!"

"போங்கத்தா! டிவில செய்தி வாசிக்கறவிய மேலயே ஒங்களுக்குச் சந்தேகம்!"

மறுநாள் நானும் கூடவே போனேன். சாரிடம் நேராகக் கேட்டேன்.

"சார், இந்த மார்கரெட் எங்க இருக்கா?"

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்டர்நெட் லைன் எங்க பாய் கெடைக்குது? பதில் பூரா நான்தான் எழுதுனேன். பிள்ளைக எழுதிப் பழகணும்ல..."

மும்தாஜ் அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படபடவென்று தட்டினாள். அகராதியைத் தொடவில்லை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒரு பக்கம் நிறைந்ததும் எழுந்தாள்.

"வாசிங்க சார்."

முகம் தெரியாதவர்கள் அன்பாகப் பேசினால், யார் நீங்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள் பிள்ளைகளே. மெஷின் தானாக யாரையும் நலம் விசாரிக்காது!

அவள் என்னதான் எழுதினாள்? இன்று வரை எனக்குத் தெரியாது. ஆனால் வாசிக்க வாசிக்க சாரின் முகம் போன போக்கு இருக்கிறதே... அதைப் புரிந்துகொள்ள எனக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை.