படி இல்லாத வீட்டைப் பார்க்கக் கார்வேட்டிநகரம் போனோம்

போன ஜூன் மாதம், இரண்டாவது சனிக்கிழமை. திருப்பதியை ஒட்டிய திருச்சானூரில் நாங்கள் வாங்கியிருக்கும் மனையில் திங்கட்கிழமை கடைக்கால் தோண்டுவதாக இருந்தது. இன்ஜினியர் போட்ட பிளானில் வாசலுக்கு ஐந்து படி. அந்த ஐந்து படிதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

என் அப்பாவுக்கு எழுபத்து மூன்று வயது, எங்களுக்கு அவர் நைனா. இப்போதிருக்கும் வாடகை வீட்டின் நிலைப்படி தடுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆகிப் பதினான்கு மாதம் ஓடிவிட்டது. எலும்பு கூடிவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்கிறார் டாக்டர். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கவும் செய்கிறார். ஆனால் நிலைப்படி வந்தால் நின்றுவிடுவார். வலது காலைத் தூக்கவே மாட்டார். புது வீட்டிலும் இவர் ஜன்னல் வழியாகத்தான் தெருவைப் பார்க்கப் போகிறார் என்றால், அப்படி ஒரு வீடு எதற்கு?

வழி சொன்னவள் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் என்னோடு வேலை பார்க்கும் சரளா. அவளுடைய அக்கா புஷ்பா கார்வேட்டிநகரம் பக்கத்தில் மாந்தோப்புக்குள் வீடு கட்டியிருக்கிறார். "வூடு எங்க முடியுது, தோட்டம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாதுக்கா. ஒரு தபா பாத்துட்டு வா" என்றாள். என் கணவருக்கு அன்று ஷிஃப்ட். நைனாவைத் தனியாக விட முடியாது, அதனால் அவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

காலை 7.10. டிரைவர் பாஸ்கரும் பக்கத்து வீட்டுக்காரரும் நைனாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி, வாசலில் இருக்கும் மூன்று படி இறக்கிக் காரில் ஏற்றினார்கள். தூக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார். நகரி பக்கம் நாலு ஏக்கர் கரும்பைத் தனியாளாக நின்று பார்த்த மனுஷன்.

புத்தூர் வழியாக மொத்தம் 47 கிலோமீட்டர். புத்தூரில் காரிலேயே இட்லி, வேர்க்கடலைச் சட்னி. இரண்டு பேருக்கு 90 ரூபாய். எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டு என்றால் இந்தப் பக்கம் தெரியாதவர் கிடையாது. நைனாவும் விடவில்லை. "இங்கியே கட்டு போட்டிருந்தா எப்பவோ ஓடிக்கினு இருப்பேன். உன் பேச்ச கேட்டேன் பாரு" என்றார். ஓடி எங்கே போவாய் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இட்லியோடு சேர்த்து விழுங்கினேன்.

8.40க்குப் போய்ச் சேர்ந்தோம். இறங்கியதும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்பதுதான் உண்மை. கார் நின்ற இடத்திலிருந்தே கறுப்புக் கடப்பா கல் தரை. அது அப்படியே ஹாலுக்குள் போய், ஹாலைக் கடந்து, மறுபக்கம் பெரிய மாமரத்தடி வரை ஒரே மட்டமாக நீள்கிறது. ஹாலின் பின்சுவர் முழுக்க பதினெட்டு அடிக்கு மடக்குக் கதவு. புஷ்பா அதைத் தள்ளி ஓரங்கட்டினார். எதிரே தோப்பு, அதற்கு மேல் மலை. மாம்பழ வாசனையோடு காற்று உள்ளே வந்து சோபாத் துணியைத் தூக்கியது. கூடத்தில் நிற்கிறேனா, தோப்பில் நிற்கிறேனா என்றே தெரியவில்லை. மனுஷர் வசிக்கும் வீடு இப்படியும் இருக்குமா என்று உடம்பு சிலிர்த்தது.

பாஸ்கர் மட்டும் மயங்கவில்லை. "படியே இல்லியேம்மா. மழை கொட்டினா தண்ணி உள்ள பூந்துடாதா?"

"வூட்ட ஒசத்தாம மனையவே ரெண்டு அடி ஒசத்திட்டோம்ணா" என்றார் புஷ்பா. "அங்கேர்ந்து ரோடு வரைக்கும் சரிவு. கதவோரம் பூரா கம்பி மூடி போட்ட கால்வா இருக்குது. மூணு வர்சமா ஒரு சொட்டு உள்ள வர்ல."

எனக்கு வேறு சந்தேகம். நிலைப்படியே இல்லையென்றால் வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் எங்கே வைப்பது?

"கடப இல்லாத வூடா?" என்று நிலைப்படியைத் தெலுங்கில் சொல்லிச் சிரித்துக்கொண்டே மடக்குக் கதவுக்கு நேர் கீழே காட்டினார். அங்கே நீளமான ஒரு கல், தரையோடு தரையாகப் புதைந்திருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, பூ வைத்திருந்தார்கள். முந்தின நாள் வைத்ததாம்.

நானும் பாஸ்கருமாக நைனாவை ஒரு நாற்காலியில் தூக்கிவந்து ஹாலில் உட்காரவைத்தோம். நான் சமையலறையைப் பார்க்கப் போனேன். ஐந்து நிமிஷம்கூட இருக்காது. திரும்பிப் பார்த்தால் அவர் வாக்கரோடு அந்தக் கல்லின் முன்னால் நிற்கிறார். குனிந்து மஞ்சளையே பார்த்தார். பாஸ்கர் ஓடப் பார்த்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். வாக்கரைக் கல்லுக்கு அந்தப் பக்கம் வைத்தார். வலது காலைத் தூக்கித் தாண்டினார். பிறகு இடது கால். அப்படியே மாமரத்தடி வரை நடந்துவிட்டார்.

"நைனா!" என்று கத்தினேன்.

"இன்னா?"

"வெளிய வந்துட்ட நைனா!"

திரும்பிப் பார்த்தார். கதவு இருபதடி பின்னால் இருந்தது. "நான் எப்ப வந்தேன்?"

"காலத் தூக்கித் தாண்டினியே!"

"பின்ன? மஞ்சா குங்குமத்த எவனாவது மிதிப்பானா?"

பயிற்சி கொடுப்பவர் மாதக் கணக்கில் கெஞ்சியும் எழும்பாத கால் அது. நான் அந்தக் கல் தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அங்கிருந்தே இன்ஜினியருக்குப் போன். படி வேண்டாம் என்றதும் வாஸ்து, மழை என்று ஆரம்பித்தார். போனைப் புஷ்பாவிடம் கொடுத்தேன். தெலுங்கில் இருபது நிமிஷம் பேசினார். கடைக்கால் ஒரு வாரம் தள்ளிப்போனது, பிளான் மாறியது.

இதே யோசனையில் இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். திறந்த வீடு சும்மா கிடைக்காது. தினம் இரண்டு வேளை பெருக்க வேண்டும். குரங்குக்கும் கொசுவுக்கும் வலைக்கதவு கட்டாயம். ஒருமுறை பாம்பும் வந்ததாகப் புஷ்பா மறைக்காமல் சொன்னார். மனையை உயர்த்தினால் மண்ணை அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்து இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் தரை உள்வாங்கும். கார் வாடகை, காத்திருப்பு உட்பட 2,600 ரூபாய். பஸ் என்றால் புத்தூரில் மாற வேண்டும். புஷ்பாவின் முகவரி கேட்காதீர்கள், குடும்பம் வசிக்கும் வீடு. தெரிந்தவர் மூலம் இப்படி ஒரு வீட்டைத் தேடிப் பாருங்கள். முக்கியமாக, உங்கள் வீட்டில் வாழப் போகிற எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். காகிதத்தில் இருக்கிற பிளான் அவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

திரும்பும்போது புத்தூரில் காரை நிறுத்தச் சொன்னார் நைனா. செருப்பு வேண்டுமாம். பழைய ஜோடியை, இனி எதற்கு என்று, விழுந்த மாதமே யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார். கடைக்காரர் கார் கதவருகே வந்து நாலு ஜோடி காட்டினார். தோல் செருப்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் கழற்றவில்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் செருப்போடு நடந்துகொண்டிருந்தார். என் வீட்டில் செருப்புக்கு உள்ளே இடம் கிடையாது.

"கழட்டு நைனா, வூட்டுக்குள்ள இன்னாத்துக்கு?"

"புதுசு, கடிக்கும். நீ வூடு கட்டி முடிக்கறதுக்குள்ள பழக்கிக்கினு இருக்கறேன்" என்றார்.