கௌசல்யாவுக்கு ஓய்வு கொடுப்பது எப்படி?

உத்திரமேரூர் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஐடியா வந்தது. கௌசல்யா கையில் ஒரு விசிலைக் கொடுத்துவிட்டால் என்ன?

கௌசல்யா ஒன்பதாம் வகுப்பு. சாயங்காலங்களில் நான் கோ-கோ சொல்லிக்கொடுக்கும் பெண்கள் டீமில் அவள்தான் மின்னல். கொஞ்ச நாளாக முட்டிக்குக் கீழே நெல்லிக்காய் சைஸில் ஒரு வீக்கம். டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

"வளர்ற வயசு. எலும்பு இன்னும் கெட்டிப்படல. தசைநார் அதைத் தினமும் இழுத்தா வலிக்காம என்ன செய்யும்? இப்ப ஓய்வு எடுத்தா அடுத்த மாச மேட்ச் ஆடலாம். இல்லன்னா இந்த சீசனையே மறந்துடு."

தலையாட்டினாள். மறுநாள் போய்ப் பார்த்தால்... கிரவுண்டில், வரிசையில்!

"இன்னாடி இது?"

"ஓடலக்கா. சும்மா குந்திக்கினுதான் கீறேன்."

கோ-கோவில் குந்துவது என்றால், முட்டியை முழுசாக மடக்கி, முதுகில் கை பட்டதும் பாயத் தயாராக இருப்பது. முட்டிக்கு இதைவிட மோசமான ஓய்வு உண்டா? அவள் அம்மாவோ அவள் கட்சி: "டாக்டரு ஓடாதன்னாரு. பொண்ணு குந்திக்கினுதானே கீது? உனுக்கு இன்னாம்மா பேஜாரு?"

அதனால்தான் விசில். அம்பயர் சும்மா நிற்பார் என்பது என் கணக்கு. அவளோ ஃபவுல் பிடிக்க, ஆடுகிறவர்களைவிட வேகமாகக் கோட்டோரம் ஓடினாள். சரி, ஸ்கோர் எழுது என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் குதித்ததில் நாற்காலியின் கால் போயிற்று. அதற்காவது ஓய்வு கிடைத்தது.

நம்மை எழுந்து நடக்க வைக்க எத்தனை ஆப், எத்தனை வாட்ச்! பதினாலு வயதை உட்கார வைக்க ஒன்றையும் காணோமே?

கடைசியில் கேட்டே விட்டேன். "வூட்ல இருந்தா உனக்கு இன்னாடி கஷ்டம்?"

வீக்கத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நான் வரலன்னா என் எடத்துல சரண்யாவப் போட்டுடுவீங்க."

நான் ஏன் இதை முதலிலேயே கேட்கவில்லை? உன் இடம் உனக்குத்தான் என்றேன். அவள் முகத்தில் நம்பிக்கை இல்லை.

நேற்று சரண்யாவும் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உடனே அடுத்த ஐடியா! திங்கட்கிழமை முதல் இருவருக்கும் போட்டி. யார் ஒழுங்காக ஓய்வெடுக்கிறார்களோ, அவருக்கே அந்த இடம்.

கௌசல்யா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் இன்னிக்கே ப்ராக்டிஸ் ஆரம்பிச்சிடட்டாக்கா?"