புகை மணத்த தண்ணீர்

அந்த அலுமினியச் சொம்பின் விளிம்பில் மூன்று நசுங்கல்கள் இருந்தன. குடிக்கும்போது இரண்டாவது நசுங்கல் மேலுதட்டில் படும். தண்ணீரில் விறகுப் புகை மணக்கும். அந்த மணத்தைத் தேடித்தான் வியாழக்கிழமைதோறும் அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். எனக்கு ஒதுக்கிய இருபத்து மூன்று வீடுகளில் அவருடையது பதினேழாவது.

எழுபதுகளில் உலகைச் சுற்றி வந்த காலரா காவிரிக்கரைக்கும் வந்தது. மோகனூரில் நான் அப்போது பள்ளிக்கூட எழுத்தர். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று ஒலிபெருக்கி தெருத்தெருவாகச் சொன்னது. எத்தனை பேர் அப்படிச் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதை அறிய, சுகாதார ஆய்வாளர் எங்களில் ஒன்பது பேரைத் தொண்டர்களாகச் சேர்த்து ஆளுக்கோர் அட்டை கொடுத்தார். "காச்சறீங்களான்னு கேட்டா எல்லாருமே ஆமாங்கன்னுதான் சொல்லுவாங்க. குடிக்கத் தண்ணி கேளுங்க. புகை வாசம் அடிச்சா டிக் போடுங்க. எதுக்குன்னு மட்டும் வாய உட்றாதீங்க" என்றார். மூன்று வியாழன் பார்த்து அட்டையைக் கொடுக்க வேண்டும். டிக் விழாத வீடுகளுக்கு ஒரு மாதத்துக்குக் குளோரின் மாத்திரை. இருந்த மாத்திரை அவ்வளவுதான். டிக் விழுந்த வீட்டுக்குக் கிடையாது.

வீட்டில் எத்தனை பேர் என்று எழுத வந்ததாகச் சொல்லி நுழைவேன். பச்சைத் தண்ணீர் கொடுத்த வீட்டிலும் ஒரு மிடறு விழுங்கியாக வேண்டும். துப்பினால் மரியாதை இல்லை. பிறகு பேதி வருமோ என்று வயிற்றில் கை வைத்தபடி மணி நேரத்தை எண்ணுவேன். பதினாறாம் வீட்டுப் பெண்மணி, "சாரு ஊட்டுல கெணறு வத்திப் போச்சாட்டிருக்குது" என்று சிரிப்பார். அக்கா அப்படியெல்லாம் கேலி பேச மாட்டார். கரும்பு வெட்டுக்குப் போகிறவர். துணைக்கு நாலு வயது மகள் மட்டும். மூன்று வியாழனும் புகை மணத்தது. மூன்று டிக் போட்டேன்.

நாலாவது வியாழன் அடுத்த மாதத்துக்கான புது அட்டையோடு போனேன். நான் சொம்பை வாங்குவதற்குள் குழந்தை கை நீட்டியது. அக்கா அந்தக் கையை விலக்கி, "அது சாருக்கு, சாமி. நம்முளுது பானையில இருக்குது" என்றார். குழந்தை ஓடிப்போய்ப் பானையில் மொண்டு குடித்தது.

"எல்லாத்துக்கும் காச்சறதில்லீங்களா?"

"ஒரு சொம்புக்குத்தானுங்க வெறகு. ஊடூடா தண்ணி குடிக்கிறீங்க, இங்கயாச்சும் நல்ல தண்ணி குடிக்கட்டும்னுதானுங்க."

அன்றே ஆய்வாளரிடம் ஓடி, அந்த வீட்டுக்கு மாத்திரை கேட்டேன். "உங்க அட்டையப் பாத்துத்தானுங்க மாத்திரையப் பங்கு போட்டேன். ஒண்ணத் திருத்துனா மிச்சத்த எப்படி நம்பறது? அடுத்த மாசம் பாக்கலாங்க" என்றார். திரும்பும் வழியில் விறகுக்கடை இருந்தது. ஒரு கட்டு வாங்கி அக்கா வீட்டில் போட்டிருக்கலாம். மற்ற இருபத்திரண்டு வீடும் கேட்குமே என்று நின்று எண்ணிப் பார்த்தேன். பிறகு நடந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் குழந்தைக்கு வாந்திபேதி கண்டது. நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் பேருந்தில் தூக்கிப் போனார்கள். அக்கா மட்டும் திரும்பி வந்தார்.

அடுத்த வியாழன் பதினாறாம் வீட்டிலிருந்து பதினெட்டாம் வீட்டுக்குப் போய்விட நினைத்தேன். அக்கா வாசலிலேயே சொம்போடு நின்றிருந்தார். "வாங்க சாரு. இப்ப ஒருத்திதானுங்க. எழுதிக்கங்க" என்றார். எழுதினேன். சொம்பை நீட்டினார். முழுவதும் குடித்தேன், புகை மணத்தது. அட்டையில் அக்காவின் கட்டத்தில் டிக் போடவும் முடியவில்லை, வெறுமையாக விடவும் முடியவில்லை. அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அதை யாரிடமும் கொடுக்கவில்லை.

இப்போது அஸ்தம்பட்டியில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் ஒரு சுகாதாரப் பணியாளர் வந்து, வீட்டில் எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். எழுந்த மருமகளிடம், "நாம குடிக்கிற தண்ணியே குடும்மா" என்றேன்.

"வேற தண்ணி ஏதுங்க மாமா?" என்றாள்.

எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. எந்த மணமும் இல்லாத தண்ணீர். வழவழப்பான எவர்சில்வர் விளிம்பு. உதட்டில் வைத்தபோது, அந்த இரண்டாவது நசுங்கல்தான் பட்டது.